எலி எப்படிங்க சொல்லும், இது மார்ஃபின் இது எல்எஸ்டின்னு?

செந்தூல்_பொண்ணு:
வணக்கம் எல்லாருக்கும். கேஎல்ல ஃபார்மகாலஜி படிக்கிறேன், அடுத்த வாரம் டுட்டோரியல்ல ட்ரக் டிஸ்கிரிமினேஷன், அதாவது உடம்புக்குள்ள போன மருந்து எதுன்னு எலிய அடையாளம் காட்ட வைக்கிற சோதனை, அத பத்தி நான்தான் பேசணும். ஸ்லைடுல ஒரே வரி, மார்ஃபின் பழக்குன எலி ஹெராயின் குடுத்தாலும் அதே லீவர அமுக்கும், எல்எஸ்டி குடுத்தா அமுக்காதுன்னு. எலிக்கு உள்ள என்ன ஆகுதுன்னு நமக்கு எப்படி தெரியும்? மயங்கிப்போய் ஏதோ ஒரு பக்கம் அமுக்குதோ என்னமோ. எல்எஸ்டி போட்டா மனுஷனுக்கு கண்ணுல என்னென்னமோ தெரியுமாம், எலிக்கும் அப்படித்தானா? தமிழ்லயே சொன்னீங்கன்னா புண்ணியமா போகும்.

ஆயர்_ஈத்தாம்_ஆளு:
தங்கச்சி, பினாங்குல இந்த எலி சோதனைப் பொட்டிங்க முன்னாடி உக்காந்தே பல காலம் ஓட்டியிருக்கேன், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன். பொட்டிக்குள்ள ரெண்டு லீவர், நடுவுல சாப்பாட்டு உருண்டை விழற ஒரு குழி. எலிய கொஞ்சம் பசியில வச்சிருப்போம், வயிறு நெறஞ்சிருந்தா அது எதுக்கு மெனக்கெடப் போகுது. ஒரு நாள் மார்ஃபின் ஊசி, இன்னொரு நாள் வெறும் சலைன், அதான் உப்புத்தண்ணி, எந்த நாள் எதுன்னு அது ஊகிக்க முடியாதபடி கலைச்சுப் போட்டுத்தான் குடுப்போம். மார்ஃபின் நாள்ல இடது பக்கம் பத்து தடவ அமுக்குனாத்தான் ஒரு உருண்டை, சலைன் நாள்ல வலது பக்கம். லைட்டு, சத்தம் எல்லாம் ரெண்டு நாளும் ஒண்ணுதான், ஆக அதுக்கு இருக்குற ஒரே துப்பு அதோட உடம்புக்குள்ள இருக்குறதுதான். வாரக்கணக்குல பழக்கணும். சரியா கத்துக்கிச்சான்னு பாக்க மொத உருண்டை விழறதுக்கு முன்னாடி எந்தப் பக்கம் போச்சுங்கிறதத்தான் எண்ணணும், உருண்டை விழுந்துட்டா அதுவே விடைய காட்டிக் குடுத்துரும்ல.

அப்புறம் சோதனை நாள். புது மருந்து குடுத்து, அமுக்குனதுல 80 சதவீதம் மருந்துப் பக்கம் வந்துச்சுன்னா அதே மாதிரிதான்னு எடுத்துக்குவாங்க. மயக்கம்னு கேட்டீங்கல்ல, அதுக்குத்தான் எவ்ளோ வேகமா அமுக்குச்சுங்கிறத தனியா எழுதி வைப்போம். மயங்கிக் கெடந்தா ரெண்டு பக்கமும் எண்ணிக்கை கொறஞ்சுரும், எந்தப் பக்கம்ங்கிற கணக்கு அதுல கலக்காது.

ஸ்லைடுல வராத ஒண்ணு சொல்றேன். முன்னாடி உள்ள போன எலியோட வாசம் லீவர்ல ஒட்டியிருந்தா அடுத்த எலி அத மோந்து பாத்தே சரியான பக்கம் போயிரும், ஊசியே தேவையில்ல. அதனால ஒவ்வொரு தடவையும் துடைக்கணும், பாதி எலிக்கு இடது மருந்து பாதிக்கு வலது மருந்துன்னும் வைக்கணும். இதுல சோம்பேறித்தனம் பண்ணா மொத்த டேட்டாவும் குப்பைதான்.

செராஸ்_ஃபார்மசி:
அண்ணே சொன்னதோட ஒண்ணு சேத்துக்குங்க, தடுக்குற மருந்து. மார்ஃபின் எலிக்கு முதல்ல நலோக்சோன் குடுத்துட்டு மார்ஃபின் போட்டா அது சலைன் பக்கம் போயிரும், அப்போ வேலை நடக்குறது ஒபியாய்ட் ரிசெப்டர்ல, அதாவது மார்ஃபின் இன மருந்துங்க போய் ஒட்டுற இடத்துல, அதுலயும் மியூங்கிற வகையில. எல்எஸ்டி எலிக்கு கெட்டன்செரின் மாதிரி செரோட்டோனின் 2ஏ-ய அடைக்குறது குடுத்தா அதுவும் சலைன் பக்கம். எல்எஸ்டி எலி, அதே மாதிரி காட்சி காட்டுற மெஸ்கலின், சைலோசைபின் ரெண்டையும் தன்னோடதுன்னு காட்டும், மார்ஃபின காட்டாது. 1984-ல கிளென்னன் குழு, செரோட்டோனின் 2-ங்கிற வகை ரிசெப்டர்ல ஒரு மருந்து எவ்ளோ கெட்டியா ஒட்டுதோ அவ்ளோ குறைஞ்ச டோஸ்லயே மனுஷனுக்கு மாயக்காட்சி வருதுன்னு காட்டுனாங்க.

எனக்கு ரொம்பப் புடிச்சது லோபெரமைட். வயித்தால போனா கடையில வாங்கிப் போடுவோமே அதேதான், அதுவும் ஒபியாய்ட். ஆனா 1975-லயே பெல்ஜியத்துல யான்சென் லேப்ல கோல்பேர்ட் குழு ஃபெண்டனில்ங்கிற இன்னொரு ஒபியாய்ட் பழக்குன எலிக்கு குடுத்துப் பாத்தாங்க, கண்டுக்கவே இல்ல. மூளைக்குள்ள ஏறலன்னா துப்பும் இல்ல. டுட்டோரியல்ல இத சொல்லுங்க, எல்லாரும் முழிச்சுக்குவாங்க.

பங்சார்_வாலா:
எல்லாம் சரி லா, எலிக்கு கலர் கலரா தெரியுதா இல்லையா? இவ்ளோ எழுதியும் அதுக்கு மட்டும் பதில காணோம் 😂

ஆயர்_ஈத்தாம்_ஆளு:
அத அந்தப் பொட்டி சொல்லாது பாஸ். மாமாக் கடையில கண்ணக் கட்டிவிட்டு தேத்தண்ணிக்கு ஒரு மணி, பச்சத்தண்ணிக்கு ஒரு மணின்னு ஒருத்தன பழக்குனா, காப்பி குடுத்தா பெரும்பாலும் பச்சத்தண்ணி மணியத்தான் அடிப்பான், ஏன்னா அவன் கத்துக்கிட்டது தேத்தண்ணியா இல்லையாங்கிற ஒரே கேள்வி. எலியும் அப்படித்தான், நீ பழக்குனது மாதிரி இருக்கு, இல்ல, அவ்ளோதான். என்ன பாக்குது, சுகமா பயமாங்கிறதெல்லாம் அந்த லீவர்ல வராது. புடிச்சிருக்கா இல்லையாங்கிறதுகூட வேற சோதனை, தானா அமுக்கி மருந்து ஏத்திக்கிற சோதனை, அதுல குரங்கு ஹெராயினுக்கு விடாம அமுக்கும், எல்எஸ்டிய பெருசா சீண்டாது.

இதுக்கு நல்ல சாட்சி லிசுரைட். பார்கின்சன் நோய்க்கு குடுத்த மருந்து, மனுஷனுக்கு எல்எஸ்டி மாதிரி காட்சியெல்லாம் வரல. ஆனா எல்எஸ்டி எலிக்கு குடுத்தா ஆமா இதேதான்னு அமுக்கிட்டு உக்காந்திருக்கும். அதனாலதான் சுண்டெலி தலைய டக்கு டக்குன்னு ஆட்டுதான்னும் கூடவே எண்ணுவாங்க. எல்எஸ்டிக்கு ஆட்டும், லிசுரைட்டுக்கு ஆட்டாது. ஒரு சோதனைய மட்டும் நம்பி பேசாதீங்கன்னு நான் தலப்பாடா அடிச்சுக்கிறது இதுக்குத்தான்.

செந்தூல்_பொண்ணு:
ரொம்ப நன்றிண்ணா, அக்கா! கடைசியா ஒண்ணு, கெத்தும் தண்ணி, அதான் கெத்தும் (kratom) இலையக் காய்ச்சிக் குடிக்கிறாங்களே, அது எந்தப் பக்கம் வரும்? எங்க லெக்சரர் கண்டிப்பா கேப்பாங்க.

ஆயர்_ஈத்தாம்_ஆளு:
அது நம்ம ஊரு சரக்குல, பினாங்கு யூஎஸ்எம் பல்கலைக்கழகத்து ஆளுங்களும் சேந்து செஞ்சிருக்காங்க, 2015-ல வந்துச்சு. கெத்தும் இலையில இருக்குற மித்ராஜினின மார்ஃபின் எலி தன்னோடதுன்னு முழுசா ஏத்துக்கிச்சு. ஆனா அதுல கொஞ்சம் கோகெயின், அதாவது சுறுசுறுப்பு ஏத்துற போதை மருந்து, அதோட சாயலும் இருக்கு, முழுசா இல்ல, அரைகுறையா. கெடா மாநிலத்துப் பக்கம் குடிக்கிறவங்க கொஞ்சமா குடிச்சா வேலை செய்ய தெம்பு, ஜாஸ்தியா குடிச்சா சொக்கிப்போகும்னு சொல்றதோட இத வச்சுப் பாருங்க. மலேசியாவோட 1952 விஷச் சட்டத்துல மித்ராஜினின் பேரு இருக்கு, அதையும் ஒரு வரி போட்டுக்குங்க.

செராஸ்_ஃபார்மசி:
நேரம் இருந்தா சல்வினோரின் ஏ-யும் பேசுங்க. மெக்சிகோ செடியில இருக்குறது, ஆளுக்கு பயங்கரமா காட்சி காட்டும், ஆனா செரோட்டோனின் 2ஏ பக்கமே போகாது, கப்பா ஒபியாய்ட் ரிசெப்டர்ல வேலை செய்யுது. கப்பா மருந்து பழக்குன குரங்கு அத தன்னோடதுன்னு காட்டியிருக்கு. ஒபியாய்ட் ஒரு கோடு, மாயக்காட்சி ஒரு கோடுன்னு ஸ்லைடு போட்டவங்ககிட்ட இத எந்தக் கோட்டுல வைக்கிறதுன்னு கேளுங்க.