'பிளானட்டெசிமல்' என்பதற்குக் 'கோள்திரளை'

அனைவருக்கும் வணக்கம்.

சூரியக் குடும்பத்தின் தோற்றத்தை விளக்கும் கட்டுரையில் 'பிளானட்டெசிமல்' என்பதைக் 'கோள்துணுக்கு' என எழுதலாம் என்ற முன்மொழிவை ஏற்கத் தயங்குகிறேன். துணுக்கு என்றால் பெரிய ஒன்றிலிருந்து உடைந்து விழுந்த கூறு என்றே படிப்பவர் பொருள் கொள்வார். நாம் பெயரிட முனைவதோ, கோள் என்று ஒன்று உருவாகும் முன்பே, ஏறத்தாழ 457 கோடி ஆண்டுகளுக்கு முன் இளஞ்சூரியனைச் சுற்றிய வளிம (வாயு) வட்டில் தூசு சேர்ந்து சேர்ந்து உருவான, கிலோமீட்டர் கணக்கில் குறுக்களவு கொண்ட பொருளுக்கு.

ஆங்கிலச் சொல்லை 1900களின் தொடக்கத்தில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர்கள் சிகாகோவைச் சேர்ந்த நிலவியலாளர் சேம்பர்லினும் வானியலாளர் மௌல்டனும். வேறொரு விண்மீன் அருகே கடந்தபோது சூரியனிலிருந்து இழுத்தெடுக்கப்பட்ட பொருளே கோள்களாயிற்று என்பது அவர்களுடைய கருத்து. அது கைவிடப்பட்டுவிட்டது; சொல் மட்டும் நிலைத்துவிட்டது. துணுக்கு என்பது அந்தப் பழைய கருத்துக்கு வேண்டுமானால் பொருந்தும்.

என் பரிந்துரை 'கோள்திரளை'. குழைத்த சோற்றைக் கையில் உருட்டித் தருவதைச் 'சோற்றுத் திரளை' என்று யாழ்ப்பாணத்து வீடுகளில் சொல்வதுண்டு. தனித்தனிப் பருக்கைகள் ஓருருண்டையாகிவிட்ட நிலை அது. 'விண்மீன்திரள்' என்று ஏற்கெனவே இருப்பதால் குழப்பம் வரும் என்பார்கள். ஆனால் திரளில் உறுப்புகள் தனித்தனியே நிற்கின்றன. திரளையில் அவை ஒன்றாகிவிடுகின்றன. ஓர் ஐகாரம் செய்யும் இந்த வேறுபாடே நமக்கு வேண்டியது. 2019 ஜனவரி முதல் நாளன்று நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் நெப்டியூனுக்கு அப்பால் படமெடுத்த அரோகோத், ஏறத்தாழ 36 கிலோமீட்டர் நீளமுள்ள அத்தகைய பொருள்தான். இரண்டு உருண்டைகள், மோதி நொறுங்கிய தடமின்றி, மெல்ல வந்து ஒட்டிக்கொண்டதுபோல் அது காட்சியளிக்கிறது.

'திரளல்' என்ற வினையும் கூடவே கிடைக்கிறது. மோரைக் கடையும்போது வெண்ணெய் திரள்வதைக் கண்டவருக்குச் சுழலும் வட்டில் பொருள் திரள்வதை விளக்க அதிகம் பேச வேண்டியதில்லை (தாழியும் உடைவதுண்டு: செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே திரண்டுகொண்டிருந்தவற்றை வியாழனின் ஈர்ப்பு கலைத்ததால்தான் அங்கே கோளுக்குப் பதிலாகச் சிறுகோள் பட்டை இருக்கிறது). இந்த உவமையை மிகவும் நீட்டிவிடக் கூடாது என்பதும் உண்மை. மீட்டர் அளவை நெருங்கும் கற்கள் வளிமத்தின் எதிர்ப்பால் வேகமிழந்து சூரியனை நோக்கிச் சரிந்துவிடும் என்பதால், கூழாங்கற்கள் கூட்டமாக நெருங்கித் தம் ஈர்ப்பாலேயே ஒரேயடியாகச் சுருங்கியிருக்க வேண்டும் என்று இன்று பலர் கருதுகின்றனர். அதையும் திரளல் என்றே சொல்லலாம்.

அந்தக் கட்டுரையின் வரைவில் வேறோரிடத்தில் கோள்திரளைகளின் 'இணைவு' என்றும், அடுத்த பத்தியிலேயே சூரியனில் ஹைட்ரஜன் அணுக்கருக்களின் 'இணைவு' என்றும் வருகிறது. இதை அவசியம் மாற்ற வேண்டும். திரளலில் பாறை பாறையாகவும் பனி பனியாகவும் இருக்கலாம். இணைவில் தனிமமே வேறாகிறது. சூரியனின் மையத்தில், ஒன்றரைக் கோடி பாகை வெப்பத்தில், நொடிக்கு ஏறத்தாழ 60 கோடி டன் ஹைட்ரஜன் ஹீலியமாகும்போது 40 லட்சம் டன் நிறை ஆற்றலாக வெளியேறுகிறது. திரண்டு சுருங்குவதும் வெப்பம் தருவதே. இளஞ்சூரியன் முதலில் ஒளிர்ந்ததும் அதனால்தான். ஆனால் அந்த வெப்பத்தைக் கொண்டு மட்டும் சூரியன் சில கோடி ஆண்டுகளே தாக்குப்பிடித்திருக்கும். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால் இந்தக் கணக்கு மாணவருக்குப் புரியாது. எனவே ஈர்ப்பால் சேர்வது திரளல், அணுக்கருக்கள் சேர்வது இணைவு என்று வரையறுத்துக்கொள்வோம்.

புணர்ச்சி விதிப்படி 'கோட்டிரளை' என்றே வர வேண்டும் என்று இலக்கணம் அறிந்தவர்கள் சுட்டக்கூடும். அப்படி எழுதினால் கோளும் தெரியாது, திரளையும் தெரியாது. பிரித்தறியும் வசதிக்காகக் 'கோள்திரளை' என்றே விட்டுவிடலாம் என்பது என் கருத்து.