பியர் காய்ச்சிய கூடம் மட்டும் மிச்சம்

அம்மாச்சியின் ஜெபமாலைப் பெட்டியில் பழுப்பேறிய புத்தகம் ஒன்று எப்போதும் இருக்கும்: ‘கிறிஸ்துநாதர் அனுசாரம்’. கிறிஸ்துவைப் பின்பற்றி வாழச் சொல்லும் பக்தி நூல். இரவு ஜெபம் முடிந்ததும் அரைப் பக்கம் வாசிப்பார். அதற்கு மேல் ஒரு வரி கூட வாசிக்க மாட்டார். “மாடு மாதிரி அசைபோட வேண்டும்” என்பார். எழுதியவர் யாரோ ரோமாபுரிச் சாமியார் என்றே நான் வெகுகாலம் நினைத்திருந்தேன். வேலைக்காக நெதர்லாந்து வந்த பிறகுதான், அந்தப் புத்தகம் பிறந்த மண் ரயிலேறினால் போய்விடக்கூடிய தூரத்தில் இருப்பது தெரிந்தது.

ஒரு சனிக்கிழமை ஸ்வொல்லே நகரில் இறங்கி, வாடகை சைக்கிளில் தெற்கே விண்டெஸ்ஹைம் கிராமத்துக்குப் போனேன். புத்தகம் பிறந்த துறவு மடக் குடும்பத்தின் தாய் மடம் இருந்த ஊர் அது. அந்த மடத்துக்கு வித்திட்டவர் டேவென்டர் ஊர்க்காரரான கேர்ட் கிரோட்டெ. பாரிஸில் படித்த பணக்காரர். திருச்சபை மானியங்களை உதறிவிட்டு, சொந்த வீட்டை ஏழைப் பெண்களுக்குக் கொடுத்துவிட்டு, ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கித்தார். குருக்களின் ஒழுக்கக்கேட்டை வெளுத்து வாங்கினார். விடுவார்களா? 1383-இல் பிரசங்க உரிமை பறிபோனது. மறு ஆண்டே கொள்ளைநோயில் இறந்தார். அவர் வழிவந்த ஆறு பேர் தொடங்கிய மடம் 1387-இல் இங்கே அர்ச்சிக்கப்பட்டது. அடுத்த நூற்றாண்டின் முடிவில் அதன் கீழ் ஏறக்குறைய 100 மடங்கள் இருந்தன.

இவ்வளவையும் படித்துக்கொண்டு போனவன், குறைந்தது நாலு இடிந்த வளைவுகளையாவது எதிர்பார்த்தேன். ஒன்றும் இல்லை. மதச் சீர்திருத்தக் காலத்துக் கலவரங்களுக்குப் பின் மடம் மறைந்துவிட்டது. மிஞ்சியது துறவிகள் பியர் காய்ச்சிய கூடம். இன்று அதுதான் ஊரின் புராட்டஸ்டன்ட் தேவாலயம்! அன்றைக்குக் கதவு பூட்டியிருந்தது. செங்கல் சுவரை இரண்டு முறை சுற்றி வந்தேன். இதை அம்மாச்சியிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் என் கவலை.

பிறகு ஸ்வொல்லேயின் மறுபக்கம், அக்னீடன்பெர்க். ‘அனுசாரம்’ எழுதியவராகச் சொல்லப்படும் துறவி தாமஸ் அ கெம்பிஸ் 1399-இல் வந்து சேர்ந்தது விண்டெஸ்ஹைம் குடும்பத்தைச் சேர்ந்த இந்த மடத்தில்தான். அப்போது அவருடைய அண்ணன் இங்கே தலைவர். 1471-இல் சாகும்வரை தாமஸின் முக்கிய வேலை பிரதியெடுப்பது. முழு பைபிளையும் கையால் எழுதி முடித்தவர். ‘அனுசாரம்’ உள்ள 1441-ஆம் வருடக் கைப்பிரதி பிரஸ்ஸல்ஸில் இருக்கிறது. கடைசியில் தன் பெயரையும் மடத்தின் பெயரையும் எழுதியிருக்கிறார். அது ஆசிரியரின் கையெழுத்தா, நகலெடுத்தவரின் கையெழுத்தா என்று அறிஞர்கள் பல நூற்றாண்டுகள் சண்டை போட்டார்கள். தாமஸ்தான் ஆசிரியர் என்ற பக்கம்தான் எனக்குச் சாய்வு. இன்று அங்கே இருப்பது ஒரு கல்லறைத் தோட்டமும் அவருக்கான நினைவுக் கல்லும். மரங்களுக்கு நடுவே அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அன்றைய அலைச்சலில் உருப்படியாகச் செய்தது அது ஒன்றுதான்.

மாலையில் நகர நடுவிலுள்ள மாதா பசிலிக்காவுக்குப் போனேன். அதன் கோபுரத்துக்கு உள்ளூர்ப் பெயர் ‘மிளகுக் குப்பி’. பார்த்தால் ஏனென்று புரியும். தாமஸின் எலும்புகள் அங்கே ஒரு பேழையில் இருக்கின்றன. படம் எடுத்துக்கொண்டேன்.

திரும்பும் ரயிலில் புத்தகத்தைக் கைபேசியில் தேடிப் புரட்டினேன். அதிகம் யாத்திரை போகிறவர்கள் அரிதாகவே புனிதர் ஆகிறார்கள் என்று ஓரிடத்தில் இருக்கிறது. புனிதர்களின் எலும்புகளைப் பார்க்க ஊர் ஊராக ஓடுகிறவர்களுக்கு நாலாம் பாகத்தில் தனியாக ஒரு குட்டு. படத்தை அழித்துவிடலாமா என்று யோசித்தேன், அழிக்கவில்லை.

இரவு அம்மாச்சிக்குப் போன் செய்து எல்லாவற்றையும், பியர் கூடம் உட்பட, சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “மெழுகுவத்தி ஏற்றினாயா?” என்றார்.

சில்லறை இல்லை என்றேன்.