‘பொறிமுறை மாற்றி’ வேண்டாம், ‘இழுவட மாற்றி’ என்போம்

வணக்கம்.

கியர் சைக்கிளில் செயினை ஒரு பல்லிலிருந்து (பற்சக்கரத்திலிருந்து) இன்னொன்றுக்கு மாற்றும் கருவியின் இரு வகைக்கும் ‘இலத்திரனியல் மாற்றி’, ‘பொறிமுறை மாற்றி’ என்று தம்பி முன்வைத்த சோடியில் இரண்டாவது பொருந்தாது. செயினைப் பல்லுக்குப் பல் தள்ளுவது இரண்டிலும் ஒரே பொறிமுறைதான்: பின்சில்லின் பக்கத்தில் தொங்கும் இணைகரச் சட்டமும் இரண்டு சின்னப் பற்சில்லுகளும். அதை நகர்த்தும் விசைதான் வேறு. ஒன்றில் விரலின் விசை 1.2 மில்லிமீற்றர் உருக்குக் கம்பி வழியே போகிறது. மற்றதில் பற்றறியும் மோட்டரும்.

‘கம்பி மாற்றி’ என்றும் வைக்கேலாது. 2009இல் சந்தைக்கு வந்த, சிமானோ நிறுவனத்தின் டிஐ2 என்ற பற்றறி வகையில் மின்கம்பி ஓடியது. ஸ்ராம் நிறுவனம் 2015இல் அறிமுகம் செய்த ஈடாப் என்ற பற்றறி வகை கம்பியில்லாதது. கேட்பவர் குழம்பிப்போவார்.

வடம் என்பதே சரி. தேர்வடத்தை இழுக்கத்தான் முடியும், தள்ள முடியாது. இதுவும் அப்படியே: இழுத்தால் செயின் பெரிய பல்லுக்கு ஏறும், விட்டால் ஸ்பிரிங் இறக்கும். அறுந்தால் செயின் ஏன் மிகச் சின்னப் பல்லில் போய் நிற்கிறது என்பதும் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. அந்த நேரம் மாற்றி வெளிப்பக்கம் எவ்வளவு போகலாம் என்று தடுக்கும் எல்லைத் திருகை உள்ளே முறுக்கினால் செயின் ஒன்றிரண்டு பல் மேலே நிற்கும். அடுத்த ஊர்வரை மிதிக்கலாம்.

வடம் பெரும்பாலும் கியர் மாற்றும் கைநெம்புக்குள், வடத்தின் நுனியிலுள்ள குமிழ்முனைக்குக் கிட்ட, வளைந்து வளைந்தே அறும். முதலில் ஓரிரு இழை பிரியும், கியர் தடுமாறும். வடத்தின் இறுக்கத்தைச் சரிசெய்யும் இழுவைத் திருகை நாளுக்கு நாள் முறுக்கவேண்டி வந்தால் முறுக்குவதை விட்டுவிட்டு நெம்பைத் திறந்து பாருங்கள். ஏறுகிறது, இறங்கவில்லை என்றால் குற்றம் வடம் ஓடும் உறையில். யாழ்ப்பாணத்துப் பண்ணை, ஊர்காவற்றுறைப் பக்கத்து உப்புக்காற்றில் உள்ளே துரு பிடிக்க, ஸ்பிரிங்கால் வடத்தைத் திரும்ப இழுக்க முடிவதில்லை.

—

அண்ணை, ‘இழுவட மாற்றி’யை ஏற்கிறேன். அப்படியானால் மற்றதை ‘மின்னியக்க மாற்றி’ என்போம். ‘இலத்திரனியல்’ கட்டளையை மட்டும் குறிக்கிறது, பயணத்தில் காலை வாருவது மின்சக்தி. டிஐ2வில் பற்றறி இறங்கும்போது மிதிப்பக்கத்து முன்மாற்றி முதலில் நிற்கும், பின்சில்லுப் பக்கத்துப் பின்மாற்றி இன்னும் கொஞ்சம் ஓடும். ஸ்ராமில் முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே மாதிரிப் பற்றறி. பின்னுக்குத் தீர்ந்தால் முன்னதைக் கழற்றிப் போடலாம். நெம்புக்குள் இருக்கும் சிஆர்2032 வில்லைப் பற்றறியைத்தான் பலர் மறக்கிறார்கள். சைக்கிள் விழுந்தபின் டிஐ2 பின்மாற்றி அசையாவிட்டால் உடைந்தது என்று முடிவுகட்டவேண்டாம், அடிபடாமல் காக்க மோட்டர் தன்னை விடுவித்துக்கொள்ளும். மாற்றியைத் தாங்கும் அலுமினியக் காது வளைந்தால் மட்டும் இரண்டும் ஒரே கதிதான்.

இலங்கையின் வடக்கே பருத்தித்துறையிலிருந்து தெற்கே தேவேந்திரமுனை வரை பயணம் என்றால் நான் இழுவடத்தையே சொல்வேன். மின்னியக்கம் அடிக்கடி பழுதாகும் என்பதால் அல்ல. பழுதானால் வழியில் உதிரிப்பாகம் கிடையாது. ஆனால் வடத்தையும் கையோடு கொண்டுபோகவேண்டும். ஊர்க் கடையில் தொங்கும் பிறேக் வடம் தடிப்பும் கூட, குமிழும் பெரிது; கியர் நெம்புக்குள் இருக்காது.

உறைக்கு ‘வடவுறை’ போதுமா?

—

போதாது. ‘கியர் வடவுறை’, ‘பிறேக் வடவுறை’ என்று இரண்டாகப் பதியவேண்டும். பிறேக் உறை 5 மில்லிமீற்றர், சுருளாகச் சுற்றியது. இழுக்கும்போது நீளத்தில் கொஞ்சம் ஒடுங்கும். கியர் உறை 4 மில்லிமீற்றர், இழைகள் நீளப்பாட்டில் ஓடும், ஒடுங்காது. பத்துப் பல் அடுக்கில் பல்லுக்குப் பல் இடைத்தூரம் 4 மில்லிமீற்றருக்குள். பிறேக் உறையைப் போட்டால் கியர் ஒருநாளும் சரியாக உட்காராது. மாறி, கியர் உறையைப் பிறேக்குக்குப் போடவே கூடாது: அமுக்கும் வேகத்தில் இழைகள் வெடித்து வெளியே வரும், பிறேக் பிடிக்காது.