மறு: ‘ரோலிங் சர்க்கம்ஃபரன்ஸ்’: உருள்நீளம் என்று வைக்கலாமா?

அன்பின் நண்பர்களுக்கு வணக்கம்.

டிரக் பணிமனைக் கையேட்டுக்காகக் குழுவில் கேட்கப்பட்ட தமிழ்ச் சொற்களில் ‘வேகமானி’யை (ஸ்பீடோமீட்டர்) யாரும் மறுக்கவில்லை. அதை விட்டுவிடுவோம். சிக்கல் ‘ரோலிங் சர்க்கம்ஃபரன்ஸ்’ (டயர் ஒரு சுற்று உருளும்போது வண்டி நகரும் தூரம்), ‘எஃபெக்டிவ் கியர் ரேஷியோ’ (டயர் மாறியபின் இழுவை எந்த கியர் விகிதத்துக்குச் சமம் என்பது) இரண்டிலும்தான். டயரை மாற்றினால் என்னென்ன மாறும் என்பதை விளக்கும் அத்தியாயமே இந்த இரண்டு சொற்களை நம்பி இருக்கிறது. அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

> டயர் சுற்றளவு என்றே போட்டுவிடலாமே. எல்லோருக்கும் புரியும்.

புரியும், ஆனால் வேறொன்றாகப் புரியும். 265/70 ஆர் 17 டயரை எடுத்துக்கொள்வோம். பக்கச்சுவரின் உயரம், டயரின் அகலமான 265 மி.மீ.-இல் 70 விழுக்காடு, அதாவது 185.5. மேலும் கீழுமாகச் சேர்த்தால் 371. நடுவில் ரிம் 17 அங்குலம், 431.8 மி.மீ. மொத்த விட்டம் 802.8. நாடாவை வைத்துச் சுற்றி அளந்தால் ஏறக்குறைய 2522 மி.மீ. வரும். ‘சுற்றளவு’ என்று படிக்கிறவர் இதைத்தான் செய்வார்.

இப்போது அதே டயரை வண்டியில் மாட்டுங்கள். தரையைத் தொடும் இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, அது மறுபடி கீழே வரும்வரை வண்டியைத் தள்ளிவிட்டு அளந்தால் அவ்வளவு தூரம் வராது. பாரத்தில் டயரின் அடி அமுங்குவதால் உருளும் ஆரம் குறைந்துவிடுகிறது. ரேடியல் டயருக்கு விட்டத்தை 3.1416-ஆல் பெருக்காமல் 3.05-ஆல் பெருக்குவது ஐரோப்பிய டயர்த் தரக்குறிப்புகளின் வழக்கம். அந்தக் கணக்கில் நம் டயருக்கு 2449 மி.மீ. நாடா அளவைவிட 73 மி.மீ. குறைவு, கிட்டத்தட்ட 3 விழுக்காடு. ஆக, வண்டி ஓடும் தூரத்தைச் சுற்றளவு சொல்வதில்லை.

‘உருள் சுற்றளவு’ என்ற யோசனை இதைவிட மேல். ஆனால் அதிலும் சுற்றளவு உட்கார்ந்திருக்கிறது, கை நாடாவைத்தான் தேடும். என் பரிந்துரை உருள்நீளம். ‘உருள்தூரம்’ என்றால் எத்தனை சுற்று உருண்ட தூரம் என்ற கேள்வி வரும். உருள்நீளத்தில் அது வராது. அலைநீளம் என்றால் ஓர் அலையின் நீளம் என்று யாரும் சொல்லித்தராமலே எடுத்துக்கொள்கிறோமே, அதே அமைப்பு. பழந்தமிழில் ‘உருள்’ சக்கரத்தையும் குறிக்கும் என்பது கூடுதல் வசதி.

இந்தச் சொல் இருந்தால் வேகமானியை விளக்குவது எளிது. வேகமானிக்குத் தெரிந்தது சுற்று எண்ணிக்கை மட்டும்தான். ஒரு சுற்றுக்கு வண்டி எவ்வளவு நகரும் என்பதைத் தொழிற்சாலையிலேயே அதற்குச் சொல்லிவைத்துவிடுகிறார்கள். பழைய வண்டிகளில் கேபிளைச் சுழற்றும் சின்ன பிளாஸ்டிக் கியரின் பற்களாக, புதியவற்றில் கட்டுப்பாட்டுக் கணினியில் ஓர் எண்ணாக. 802.8 மி.மீ. விட்டம் இருந்த இடத்தில் 35 அங்குல டயரை, அதாவது 889 மி.மீ. விட்டத்தை, மாட்டினால் உருள்நீளம் 10.7 விழுக்காடு கூடும். முள் 100 காட்டும்போது வண்டி உண்மையில் 110-ஐத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கும். ஐ.நா.வின் 39-ஆம் எண் வாகன விதிமுறைப்படி வேகமானி உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது. கூட்டிக் காட்டலாம், அதுவும் பத்து விழுக்காட்டுடன் மணிக்கு 4 கி.மீ. சேர்த்த அளவுக்குள். பெரிய டயர் தவறான பக்கத்துக்குத் தள்ளுகிறது என்பதைக் கையேடு அழுத்திச் சொல்ல வேண்டும். ஓடிய தூரமும் குறைவாகத்தான் பதிவாகும். அதை வைத்துக் கணக்கிட்டால் மைலேஜ் விழுந்துவிட்டது போலத் தெரியும்.

டயர் தேய்வதையும் இதே சொல்லால் சொல்லிவிடலாம். 6 மி.மீ. தேய்ந்தால் உருள்நீளம் சுமார் ஒன்றரை விழுக்காடு குறையும்.

அப்புறம், அத்தியாயத் தலைப்பு. ‘சக்கர அளவு மாற்றம்’ வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். 245/75 ஆர் 16-ஐக் கழற்றிவிட்டு 265/60 ஆர் 18 போட்டால் ரிம் இரண்டு அங்குலம் பெரிதாகிறது, விட்டமோ 773.9-இலிருந்து 775.2-க்குத்தான் போகிறது. வேகமானிக்கு அது ஒரு மாற்றமே இல்லை. ‘உருள்நீள மாற்றம்’ என்று தலைப்பிட்டால் இந்தக் குழப்பம் வராது.

அடுத்தது ‘எஃபெக்டிவ் கியர் ரேஷியோ’. அதற்கு வந்த யோசனைகள்:

> பயனுறு பல்லிணை விகிதம் / நிகர கியர் விகிதம் / தொகுபயன் விகிதம்

‘நிகர’ இங்கே பொருந்தாது. நிகர லாபம் போல, கழித்ததெல்லாம் போக மிஞ்சியது என்ற பொருள் வந்துவிடும். ‘தொகுபயன்’ பள்ளி இயற்பியலில் மின்தடைக்குப் பழகிய சொல், எனக்கும் பிடித்ததுதான். ஆனால் அதைக் கேட்டால் கியர்பெட்டி விகிதத்தையும் அச்சு விகிதத்தையும் பெருக்கி வரும் மொத்த விகிதம்தான் நினைவுக்கு வருகிறது. ‘பயனுறு பல்லிணை விகிதம்’ இலக்கணப்படி சரி. என்ன சங்கடம் என்றால், பல்லிணையில் (கியரில்) ஒரு பல்கூட மாறவில்லை. அச்சிலுள்ள பெரிய பல்சக்கரமான கிரவுனில் 41 பல், அதைச் சுழற்றும் சிறிய பினியனில் 11 பல், அச்சு விகிதம் 3.73. பெரிய டயர் மாட்டினாலும் அது 3.73-தான். ஆனால் 3.37 விகித அச்சோடு பழைய டயர் இருந்தால் வண்டி எப்படி இழுக்குமோ, அப்படி இழுக்கும். ஏற்றத்தில் திணறும். நேரடிக் கியரில் (கியர்பெட்டி விகிதம் 1) மணிக்கு 100 கி.மீ. வேகத்துக்கு முன்பு நிமிடத்துக்கு 2540 சுற்று தேவைப்பட்ட எஞ்சினுக்கு இப்போது 2290 போதும். ஆகவே ‘ஈடான அச்சு விகிதம்’ என்கிறேன். எதற்கு ஈடு என்று சொல்லிலேயே இருக்கிறது: பழைய டயரோடு இருந்திருக்க வேண்டிய அச்சுக்கு.

இழந்த இழுவையை மீட்க 41/10 கிரவுன்-பினியன் போடுவார்கள். 4.10-ஐ, உருள்நீளம் கூடிய மடங்கான 1.107-ஆல் வகுத்தால் 3.70. பழைய நிலைக்கு மிக அருகில் வந்துவிடுகிறது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. கியர்பெட்டியின் வெளியீட்டுத் தண்டில் உணரி இருக்கும் வண்டியில், 4.10 போட்டதும் வேகமானியும் ஏறத்தாழத் தானாகச் சரியாகிவிடும். ஆனால் வேகத்தைச் சக்கர உணரிகளிடமிருந்து எடுக்கும் வண்டியில் அச்சுப் பல்லை மாற்றி வேகமானிக்கு ஒரு பயனும் இல்லை, 10.7 விழுக்காட்டுப் பிழை அப்படியே நிற்கும், கணினியில் உருள்நீளத்தைத் திருத்தித்தான் ஆக வேண்டும். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால் இந்த வேறுபாட்டை எழுதவே முடியாது. டயரைப் பற்றியது உருள்நீளம், இழுவையைப் பற்றியது ஈடான அச்சு விகிதம். தனித்தனியாக இருக்கட்டும்.

‘கேலிபரேஷன்’ அளவுத்திருத்தம் என்றே இருக்கலாம்.

பணிமனையில் கிரவுன்-பினியன் என்றுதான் சொல்கிறார்கள். அதையும் தமிழாக்கிவிடலாம் என்று ஒரு மடலில் வந்திருந்தது. நான் உடன்படவில்லை. உதிரிப்பாகம் கேட்டு வாங்கும் பெயர் அது, கையேட்டில் அப்படியே இருக்கட்டும்.

விளக்கக் குறிப்பு இப்படி இருக்கலாம்: “உருள்நீளம்: பாரம் தாங்கிய டயர் ஒரு முழுச் சுற்று தானாக உருளும்போது வண்டி நகரும் தூரம்.” முதலில் ‘சறுக்காமல் உருளும்போது’ என்று எழுதலாமா என்று பார்த்தேன். எஞ்சின் இழுக்கும் சக்கரத்தில் சிறு சறுக்கல் எப்போதும் இருக்கும் என்பதால் ‘தானாக’ என்று போட்டிருக்கிறேன். இதைவிடத் துல்லியமான சொல் யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள், மாற்றிவிடலாம்.