பெரிய வீட்டுச் சொந்தங்கள்

கோவிந்தன் சித்தப்பா: போர்வெல் போட்டாயிற்று. 780 அடியில் தண்ணீர் கொட்டுகிறது. ஞாயிற்றுக்கிழமை காதுகுத்துச் சமையலுக்கு இனிக் கவலையில்லை.

மலர் அத்தை: முருகன் துணை 🙏

பிரபு: வாழ்த்துகள் சித்தப்பா. உப்புக் கரிக்கிறதா?

கோவிந்தன் சித்தப்பா: இளநீர் போல இருக்கிறது.

சிவகாமி பெரியம்மா: கோவிந்தா, அதில் உலை வைக்காதே. அளவு மீறினால் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் புளோரைடு அதில் இருக்கலாம். அதற்கு நிறமில்லை, மணமில்லை, நாக்குக்கும் தெரியாது. நம் தருமபுரி மண்ணுக்கு அடியில் கிடப்பது கருங்கல் பாறை. ஆழத்துத் தண்ணீர் வருடக்கணக்கில் பாறைக்குள் தேங்கியிருக்கும். புளோரைடு கரைந்து ஏறியிருக்கும். லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை குடிக்கலாம். வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 1.5 வரை. அதற்கு மேல் கூடாது.

கோவிந்தன் சித்தப்பா: அண்ணி, கடன் வாங்கிப் போட்டிருக்கிறேன்.

மலர் அத்தை: காய்ச்சிக் குடித்தால் சரியாகிவிடாதா?

சிவகாமி பெரியம்மா: ஆகாது மலர். கிருமிதான் சாகும். காய்ச்சக் காய்ச்சத் தண்ணீர் வற்றும், புளோரைடு அப்படியே நிற்கும்.

ரமேஷ்: பழைய மொய் நோட்டு யாரிடம் இருக்கிறது?

கோவிந்தன் சித்தப்பா: ஒரு வேளைச் சாப்பாட்டில் யாருக்கு என்ன ஆகிவிடும்?

சிவகாமி பெரியம்மா: விருந்தாளிக்கு ஒன்றும் ஆகாது. பந்தி முடிந்ததும் குழாயை மூடிவிடுவாயா? நிலாவுக்கு 3 வயது. ஈறுக்குள் பல் உருவாகும் வயதில் ஏறுகிற காவி, பிறகு எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. உன் அம்மாவின் முதுகை மறந்துவிட்டாயா? கடைசிக் காலத்தில் நிமிர்ந்து உன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. களையெடுத்துக் களையெடுத்துக் கூன் விழுந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

மலர் அத்தை: என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் பல்லைப் பார்த்ததும் எழுந்து போனார்கள். வாயை மூடிக்கொண்டு சிரி என்று அன்று சொன்னது நீங்கள்தான் அண்ணி.

சிவகாமி பெரியம்மா: சொன்னேன். தவறு மலர். அப்போது எனக்கும் தெரியாது.

ரமேஷ்: வாழை இலை 300 போதுமா?

மலர் அத்தை: 350 சொல். சம்பந்தி வீட்டார் சொல்லாமல் பத்துப் பேரை அழைத்து வருவார்கள்.

பிரபு: 2013 முதல் ஒகேனக்கல் தண்ணீர் வருகிறதே, அது?

கோவிந்தன் சித்தப்பா: வீட்டுக்குச் சரி. 350 பேருக்கு எங்கே போவது?

பிரபு: டேங்கர்?

சிவகாமி பெரியம்மா: எந்தக் கிணற்றில் நிரப்புகிறார்கள் என்று கேட்டுவிட்டுச் சொல். போர்வெல் தண்ணீரில் குளியுங்கள், துணி துவையுங்கள், பாத்திரம் கழுவுங்கள். குடிக்கவும் சோறாக்கவும் மட்டும் வேண்டாம். ஒரு பாட்டிலில் பிடித்துக் குடிநீர் வாரிய ஆய்வகத்தில் கொடுங்கள். பிளாஸ்டிக் பாட்டில், கண்ணாடி வேண்டாம்.

கோவிந்தன் சித்தப்பா: யார் கொண்டுபோவது? நான் பந்தல்காரரிடம் போகிறேன்.

பிரபு: எனக்கு வெள்ளி இரவுதான் பஸ்.

ரமேஷ்: என் வண்டியில் வையுங்கள், நாளை பார்க்கிறேன். மொய் நோட்டு?

கோவிந்தன் சித்தப்பா: பீரோவில் தேட வேண்டும். அண்ணி, 1.5-க்கு மேல் வந்தால்?

சிவகாமி பெரியம்மா: முதலில் பாட்டில் போகட்டும்.

கோவிந்தன் சித்தப்பா: நிலாவுக்கு இப்போதைக்குக் கேன் தண்ணீர் வாங்கி வைத்துவிட்டேன்.