தஞ்சாவூர் பற்றிய பல துறை ஆய்வு: எல்லாத் தரவையும் ஒரே தளத்தில் சேர்ப்பது எப்படி?

வடவாற்றுக்கரை கேட்டது:

வணக்கம். வரலாறு, வேதியியல், கட்டடப் பொறியியல், இசை என நான்கு துறை முதுகலை மாணவர்கள் தஞ்சாவூர் நகரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு ஆய்வு செய்ய இருக்கிறார்கள். ஆய்வேடுகள் தனித்தனி. ஆனால் திரட்டும் தகவல் எல்லாம் ஒரே தரவுத்தளத்தில் சேர வேண்டும் என்பது திட்டம். பெரிய கோயில் கல்வெட்டுகள், சரசுவதி மகால் நூலகத்தில் உள்ள மோடி (மராத்தியை எழுதப் பயன்பட்ட ஒரு விரைவெழுத்து) ஆவணங்கள், கருவறைச் சுற்றின் ஓவியங்கள், குளங்களும் நீர்வழிகளும் ஆகியவை முதல் கட்டம்.

ஒவ்வொரு மூலமும் ஒவ்வொரு ஆண்டுக் கணக்கில், ஒவ்வொரு அளவில் பேசுகிறது. எந்தெந்தப் புலங்களை (தரவுத்தளத்தின் பத்திகளை) முதலிலேயே வரையறுக்க வேண்டும்? எங்கே தடுமாறுவார்கள்? அந்தந்த மூலத்தோடு பழகியவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

படியெடுப்பான்:

கல்வெட்டுப் பகுதிக்கு மட்டும் சொல்கிறேன். தேதிக்கு ஒரே புலம் போதாது, மூன்று வேண்டும். கல்லில் உள்ளபடி ஒன்று, கணக்கிட்டதில் மிக முந்தைய நாள் ஒன்று, மிகப் பிந்தைய நாள் ஒன்று.

காரணம் இதுதான். விமானத்தின் செப்புக் குடத்தை இராசராசன் கொடுத்தது யாண்டு (ஆட்சியாண்டு) 25, நாள் 275. பலரும் 985ஐயும் 25ஐயும் கூட்டி 1010 என்று போட்டுவிடுகிறார்கள். விடை சரிதான், வழி தவறு. அவன் ஆட்சி தொடங்கியது 985 ஜூன் 25க்கும் ஜூலை 25க்கும் இடையில் ஒரு நாள். முதலாம் ஆண்டே 985இல் தொடங்கிவிடுவதால் 25ஆம் ஆண்டு 1009இன் நடுவில் தொடங்குகிறது. அங்கிருந்து 275ஆம் நாள் என்றால் 1010 மார்ச் கடைசிக்கும் ஏப்ரல் கடைசிக்கும் இடையில் விழும். கூட்டல் வழியில் போய் அதன்மேல் 275 நாளையும் சேர்த்தால் 1011க்குப் போய்விடுவீர்கள். ஆகவே ஆட்சியாண்டிலிருந்து ஒன்றைக் கழித்துவிட்டுத்தான் கூட்ட வேண்டும். ஒரு மாத இடைவெளியை இடைவெளியாகவே பதியுங்கள். ஒற்றை நாளாகச் சுருக்காதீர்கள்.

அடுத்தது அளவைகள். நிலத்துக்கு வேலி, வேலியில் மா 1/20, காணி 1/80, முந்திரி 1/320. 'கீழ்' என்று வந்தால் அதன்பின் வருவது முழுவதும் மறுபடி 320ஆல் வகுபடும். எக்செல்லில் இதைத் தசமமாக அடித்தால் கடைசி இலக்கங்கள் உதிர்ந்து, கல்வெட்டு தரும் மொத்தத்தோடு உங்கள் கூட்டுத்தொகை ஒட்டாது. தொகுதி, பகுதி என்று இரண்டு முழு எண் புலங்களாக வையுங்கள். பிறகு கல்வெட்டின் மொத்தத்தோடு பொருந்தாவிட்டால் வாசிப்பில் பிழை இருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும். இதைவிட நல்ல சோதனை வேறில்லை.

நெல்லுக்கு: கலம் = 3 தூணி = 6 பதக்கு = 12 குறுணி; குறுணி = 8 நாழி. ஆண்டுக் கணக்கா, நாள் கணக்கா என்பதற்குத் தனிப் புலம் கட்டாயம். தளிச்சேரிப் பெண்டுகள் (கோயிலைச் சார்ந்த குடியிருப்பான தளிச்சேரியில் குடியமர்த்தப்பட்ட கோயில் பெண்கள்) 400 பேருக்கும் ஆளுக்கு ஒரு பங்கு, பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம். திருப்பதியம் (தேவாரம்) பாடிய 48 பிடாரருக்கும் அவர்களோடு உடுக்கை, கொட்டிமத்தளம் வாசித்த இருவருக்கும் ஆளுக்கு நாள் ஒன்றுக்கு மூன்று குறுணி. மேலோட்டமாகப் பார்த்தால் 100 எங்கே, 3 எங்கே என்று தோன்றும். 365ஆல் பெருக்கினால் 1,095 குறுணி, அதாவது 91 கலமும் 3 குறுணியும். இரண்டும் ஏறத்தாழ ஒரே படிநிலை. இசைத் துறை மாணவருக்கு இது முக்கியமான செய்தி, அவர் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். எந்த மரக்காலால் (நெல் அளக்கும் பாத்திரத்தால்) அளந்தது என்பதையும் விடாதீர்கள். தளிச்சேரிக் கல்வெட்டில் அது இராசகேசரியோடு ஒத்த ஆடவல்லான் மரக்கால். பொன்னை நிறுத்தது ஆடவல்லான் கல், மணிகளை நிறுத்தது தட்சிணமேருவிடங்கன் கல். பெயர் ஒன்றே என்பதால் மரக்காலையும் எடைக்கல்லையும் ஒரே புலத்தில் கலந்துவிடக் கூடாது.

பெயர்களை வைத்து இரட்டைப் பதிவுகளை நீக்கும் வேலையை மென்பொருளிடம் விடவே வேண்டாம். பெண்டுகள் பட்டியலில் 'நக்கன்' என்ற முன்னொட்டு வரிசையாக வரும், அதன்பின் வரும் பெயர்களும் திரும்பத் திரும்ப வரும். ஆளைப் பிரித்துக் காட்டுவது எந்தத் தளிச்சேரி, எந்தச் சிறகு (வீட்டு வரிசை), எத்தனையாம் வீடு, எந்த ஊர்த் தளியிலிருந்து (கோயிலிலிருந்து) வந்தவர் என்ற நான்கும் சேர்ந்துதான்.

---

சுகூர் சன்:

மோடி ஆவணங்களுக்குப் போகும் மாணவர் மராத்தி தெரிந்தவரா என்பது முதல் கேள்வி. நாகரி வாசிக்கத் தெரிந்தால் மட்டும் போதாது. மோடியில் எழுத்துகளின் மேலே ஓடும் தலைக்கோட்டினை முதலில் தாளின் குறுக்கே இழுத்துவிட்டு அதில் எழுத்துகளைத் தொங்கவிட்டு எழுதிக்கொண்டே போவார்கள். சொல்லுக்குச் சொல் இடைவெளி இருக்காது. இகர, உகரங்களில் குறில் நெடில் வேறுபாடு பெரும்பாலும் கிடையாது. தமிழ் ஊர்ப் பெயர்களும் ஆட்பெயர்களும் இதில் நசுங்கி வரும். ஆகவே பெயருக்கு இரண்டு புலம்: மூலத்தில் உள்ள எழுத்து வடிவம், நீங்கள் அடையாளம் காணும் தமிழ்ப் பெயர். இரண்டாவதை மட்டும் வைத்தால் பின்னால் யாராலும் சரிபார்க்க முடியாது.

தேதியில் மூன்று கணக்கு கலந்து வரும். சகம் (சக ஆண்டு) என்றால் கிறித்து ஆண்டைப் பெற 78 அல்லது 79 கூட்ட வேண்டும். பெரிய கோயில் சுவரில் மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோசி பொறித்த போசல வம்சக் கல்வெட்டு சகம் 1725, அது 1803. பசலி (வருவாய்க் கணக்கு ஆண்டு) என்றால் 590 அல்லது 591. சுகூர் சன் (மராட்டிய ஆவணங்களில் வரும் இன்னோர் ஆண்டுக் கணக்கு) என்றால் 599 அல்லது 600. அதில் எண்ணை அரபுச் சொல்லாலேயே எழுதியிருப்பார்கள். சகம் சித்திரையை ஒட்டியும், பசலி ஆண்டின் நடுவிலும் மாறுவதால், மாதம் இல்லாத பதிவுக்கு ஒரே ஆண்டைத் தீர்மானிக்க முடியாது. அங்கேயும் முந்தையது, பிந்தையது என்ற இரு புலம்தான்.

ஆட்சி வரலாற்றை மறந்துவிட்டு இந்த ஆவணங்களை வாசிக்காதீர்கள். 1799 ஒப்பந்தத்துக்குப் பிறகு நாட்டின் நிர்வாகம் கிழக்கிந்தியக் கம்பெனி கையில். சரபோசியிடம் இருந்தது கோட்டையும் அதை ஒட்டிய கொஞ்சமும்தான். 1799க்குப் பிந்தைய அரண்மனை மோடிக் கணக்கில் கிராம நிலவரி குறைந்துவிட்டது என்றால் அது வறட்சியைக் காட்டாது. அந்தக் கணக்கு கலெக்டர் கச்சேரிக்கு (அலுவலகத்துக்கு) மாறிவிட்டது, அவ்வளவுதான். அதைச் சென்னையில் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் தேட வேண்டும்.

மொழிபெயர்ப்புத் தொகுதிகளில் தொடங்குவதில் தவறில்லை. ஆனால் அவை தேர்ந்தெடுத்த ஆவணங்கள். 'அரண்மனை இதற்கு அதிகம் செலவழித்தது' என்று எண்ணிக்கை வைத்துப் பேச அவை உதவாது.

---

சுண்ணாம்புச் சாந்து:

வேதியியல் மாணவருக்கு. கருவறையைச் சுற்றிய நடையில் நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பதை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டது 1931இல். சென்னை அருங்காட்சியகத்தின் பரமசிவன் அதன் தொழில்நுட்பத்தை 1930களிலேயே ஆராய்ந்து, ஈரச் சுண்ணாம்பின்மேல் தீட்டியது என்ற முடிவுக்கு வந்தார். இன்று துளி மாதிரி எடுக்கக்கூட அனுமதி கிடைப்பது அரிது என்பதால், தொடாமல் அளக்கும் கருவிகளையே நம்பித் திட்டமிடுங்கள்.

கையடக்க எக்ஸ்-கதிர் ஒளிர்வுக் கருவியை மட்டும் எடுத்துக்கொண்டு போனால் ஏமாற்றம்தான். அது மேல் அடுக்கைத் தாண்டி அடியில் உள்ளதையும் சேர்த்துப் படிக்கும். நாயக்கர் சாந்து சோழர் சாந்தின்மேல் ஒட்டியிருக்கும் இடத்தில் இரண்டின் கால்சியமும் ஒன்றாகத் தெரியும். சிவப்புக் காவியிலும் மஞ்சள் காவியிலும் இரும்பு என்று மட்டும் சொல்லும். கனிமம் எது என்று சொல்லாது. கரிக் கறுப்பைப் பார்க்கவே பார்க்காது, கார்பன் அதற்கு மிக இலேசான தனிமம். இராமன் நிறமாலை (லேசர் ஒளிச் சிதறலால் பொருளை அடையாளம் காணும் முறை) இந்த மூன்றில் கடைசி இரண்டையும் தீர்க்கும். ஆனால் பழைய பாதுகாப்புப் பூச்சு எஞ்சியிருக்கும் இடத்தில் 532 நானோமீட்டர் லேசர் ஒளிர்ந்து எல்லாவற்றையும் மூழ்கடித்துவிடும். 785க்குப் போங்கள், திறனைக் குறைவாக வையுங்கள். மஞ்சள் காவி சூடேறினால் சிவப்பாக மாறிவிடும்.

ஈரத்தில் தீட்டியதா, காய்ந்தபின் பசை சேர்த்துத் தீட்டியதா என்பதை மேற்பரப்பு அளவீட்டால் முடிவு செய்ய முடியாது. அதற்குக் குறுக்குவெட்டு வேண்டும். இதை ஆய்வுக் கேள்வியாக முதுகலை மாணவர் எடுக்காமல் இருப்பது நல்லது.

தரவுத்தளத்துக்கு: ஒவ்வொரு அளவீட்டுக்கும் சுவர், அறை, தரையிலிருந்து உயரம், எந்தக் கால அடுக்கு என்ற நான்கு புலம். பிரித்தெடுத்துக் கண்ணாடியிழைப் பலகையில் ஏற்றிய நாயக்கர் ஓவியங்களுக்கு இப்போது இருக்கும் இடம், முன்பு இருந்த சுவர் என இரண்டும் தேவை.

---

வடவாற்றுக்கரை:

மிக்க நன்றி. மூவர் சொன்னதிலும் இடப் புலம் வருகிறது. தளிச்சேரி வீடுகளைக் கூகுள் வரைபடத்தில் குறிக்கலாம் என்று மாணவர் ஒருவர் சொல்கிறார். பொறியியல் மாணவர் குளங்களையும் அதே அடுக்கில் வைக்க விரும்புகிறார். சரியா?

---

புதாறு:

வேண்டாம். இன்றைய கீழவீதி, மேலவீதி, தெற்குவீதி, வடக்குவீதி எல்லாம் நாயக்கர் கட்டி மராட்டியர் தொடர்ந்த கோட்டை நகரின், அரண்மனையைச் சுற்றிய அமைப்பு. 'தெற்குத் தளிச்சேரித் தென்சிறகு' என்பதைத் தெற்குவீதியில் குத்திவிட்டால், ஐந்நூறு ஆண்டுக்கும் மேற்பட்ட இடைவெளியை ஒரு புள்ளியில் மறைத்துவிடுகிறீர்கள். அந்த வீடுகளுக்கு அட்சரேகை தீர்க்கரேகை கொடுக்கவே கூடாது. வரிசை எண் மட்டும் கொடுங்கள். ஆனால் பெண்டுகள் வந்த ஊர்களை வரைபடத்தில் தாராளமாகக் குறிக்கலாம். திருவையாறும் திருவாரூரும் இடம் மாறவில்லை.

நீர்வழிக்குக் காலவாரியாகத் தனித்தனி அடுக்கு. கல்லணைக் கால்வாய் பெரிய கோயிலுக்குப் பக்கத்தில் ஓடுவதைப் பார்த்து அதைப் பழைய அகழியோடு சேர்த்துவிடுவார்கள். அது மேட்டூர்த் திட்டத்தோடு 1934இல் முடிந்த புது ஆறு. சேவப்பநாயக்கன் ஏரியிலிருந்து சிவகங்கைக் குளத்துக்கு வந்த நிலத்தடி வழியை வரையும்போது கண்ணால் கண்ட துண்டைத் தொடர்கோடாகவும், இரண்டு துண்டுக்கு இடையே ஊகிப்பதைப் புள்ளிக்கோடாகவும் போடுங்கள். நில மட்ட அளவீடு இல்லாமல் எந்தக் குழாய்க்கும் அம்புக்குறி வேண்டாம். நகரம் மேட்டு நிலம் வடக்கே வடவாற்றை நோக்கிச் சரியும் இடத்தில் இருக்கிறது. ஏற்ற இறக்கம் சிறியது, அரை மீட்டர் பிழை வந்தாலும் நீர் ஓடும் திசை தலைகீழாகிவிடும்.

கல்வெட்டுகளுக்கு மட்டும் சரியான இடம் கொடுக்க முடியும், அதைக் கட்டாயம் செய்யுங்கள். எந்தப் பக்கம், அடித்தளத்தின் எந்தப் படை (கல்லடுக்கு), எத்தனையாம் வரி. லின்னேயஸ் டிரைப் 1858இல் விமான அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒட்டிய நீளப் படம் இணையத்தில் பார்க்கக் கிடைக்கிறது, ஏறக்குறைய 19 அடி நீளம். இன்று எடுக்கும் படத்தை அதனருகே வைத்துப் பார்த்தால் எந்த எழுத்து இடையில் உதிர்ந்தது என்று தெரியும். அதற்கும் ஒரு புலம் ஒதுக்குங்கள்: 1858 நிலை, இன்றைய நிலை.