புதுப்பிப்பு: வீட்டுக்காரரின் மறதி – காரணம் குறட்டையில் இருந்தது

மூணு மாசம் முன்னாடி இங்கே கேட்டிருந்தேன்: கோத்தகிரி தேயிலை ஃபேக்டரியில் கணக்குப் பார்க்கும் என் வீட்டுக்காரர், 49 வயது, 104 கிலோ, கூட்டிய கணக்கையே மறுபடி கூட்டுகிறார், பேச்சு நடுவே பெயர் மறக்கிறார், என்ன செய்ய என்று. பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி.

பி12, தைராய்டு ரெண்டும் பார்த்தோம், சரியாகவே இருந்தன. விடை கொடுத்தது, "தூக்கத்தில் மூச்சு நிற்கிறதா, கவனிங்க" என்று ஒரே வரி எழுதியவர். அன்றிரவே முழித்திருந்து பார்த்தேன். குறட்டை திடீரென்று அடங்கும், அப்புறம் திணறி எழுவார். கோயம்புத்தூரில் தூக்கப் பரிசோதனை: மணிக்கு 41 முறை மூச்சுத் தடை. 30-ஐத் தொட்டாலே கடுமையாம். கழுத்திலும் நாக்கிலும் சேர்ந்த கொழுப்பு மூச்சுப்பாதையை அடைக்க, ஆக்சிஜன் இறங்கி மூளை விழித்துக்கொண்டே இருக்கிறது. நினைவுகளைப் பதிய வைக்கும் ஆழ்ந்த தூக்கம் கிடைப்பதில்லை என்றார் மருத்துவர். நடுவயது உடல் பருமனே பிற்கால மறதி நோய்க்கு ஒரு ஆபத்துக் காரணி என்பதையும் அவர்தான் சொன்னார்.

காற்றை அழுத்தித் தரும் சி-பாப் முகமூடி போட்டு ஆறாவது வாரம், பகல் தூக்கம் போச்சு. கணக்கு ஒரே தடவையில் முடிகிறது. எடை இறங்கியது 3 கிலோதான் (சாயங்கால வர்க்கி பிஸ்கட்டை விட மாட்டேன் என்கிறார்), அதனால் இதை எடை குறைந்த பலன் என்று நினைக்கவில்லை.

எதிர்பாராதது: நம்ம ஊர் குளிரில், சி-பாப் மெஷினிலிருந்து முகமூடிக்கு வரும் ஈரக்காற்று குழாயிலேயே தண்ணீராகி, ராத்திரி மூக்கில் தெறித்தது. குழாய்க்குக் கம்பளித் துணி சுற்றி, மெஷினைக் கட்டிலைவிடத் தாழ்வாக வைத்தோம். நின்றுவிட்டது.